நான்கு தொட்டி, ஒரு பாய்லர்: விதியிலிருந்து புரோகிராமுக்கு எந்த வழி?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. புழுங்கல்தான் தொழில், வருவது பெரும்பாலும் அம்பை 16, குண்டு நெல். நான்கு அவியல் தொட்டி, உமி எரிக்கும் ஒரு பாய்லர், இரண்டு டிரையர். தொட்டி வால்வுகளை இத்தனை வருடமும் ஆள் நின்று கையால்தான் திருகிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் தொட்டிகளை மட்டும் பி.எல்.சி.க்கு, அதாவது வால்வுகளைப் புரோகிராம்படி திறந்து மூடும் சின்னக் கம்ப்யூட்டருக்கு, மாற்றிவிடலாம் என்று முதலாளி அண்ணாச்சி முடிவுசெய்தார். பேனல் கட்டி, புரோகிராம் எழுதி, ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது என் பொறுப்பு. மாசி பிறந்தால் பிசான அறுப்பு நெல் வந்து குவியும். அதற்குள் முடிய வேண்டும்.

வழக்கமாக வயரிங் படம் முடிந்த கையோடு லேப்டாப்பைத் திறந்து லேடர் (ஏணிப் படிகள்போல வரிவரியாக வரையும் பி.எல்.சி. புரோகிராம்) எழுத உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை உட்காரவில்லை. என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கவே கூடாது என்பதை முதலில் கணக்குப்போலப் பிசிறில்லாமல் எழுதிவிட்டு, அதிலிருந்து புரோகிராமை எடுக்கும் வழிகளைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இப்படி எழுதுவதை ஃபார்மல் ஸ்பெசிஃபிகேஷன் என்பார்கள். வாய்க்கு வசதியாக நான் விதித்தாள் என்று சொல்லிக்கொள்கிறேன். விதித்தாளிலிருந்து புரோகிராமுக்கு இன்றைக்கு முக்கியமாக நாலு வழி இருக்கிறது. என்னைப்போல இரண்டு பையன்களை வைத்துப் பட்டறை நடத்துகிறவனுக்கு அதில் எது ஒத்துவரும் என்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொட்டியின் வேலை. மேலிருந்து நெல் விழும். 70 டிகிரிக்குப் பக்கமான வெந்நீர் ஏறும். மூன்று, மூன்றரை மணி நேரம் ஊறும். தண்ணீரை வடித்துவிட்டு ஸ்டீம் விடுவார்கள். இந்த ஆலையில் அது 20 நிமிடம். அப்புறம் அடிக்கதவைத் திறந்தால் நெல் எலிவேட்டரில் இறங்கி டிரையருக்குப் போய்விடும். ஆக, ஒரு தொட்டிக்குக் காலி, நெல் ஏற்றம், வெந்நீர், ஊறல், வடிப்பு, அவியல், இறக்கம் என்று ஏழு நிலை. வெந்நீர், வடிப்பு, ஸ்டீம், அடிக்கதவு என்று திறந்து மூட நான்கு. இவ்வளவுதான். பார்த்தால் ஒரு மத்தியான வேலை மாதிரித் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு ஆலையில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மூன்று தொட்டி, நானே எழுதிய லேடர். கரண்ட் போனால் வேலை முதலிலிருந்து தொடங்கக் கூடாது என்று, எந்தப் படியில் நின்றோம் என்பதை அழியாத மெமரியில் வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்ததுதான். ஒருநாள் அவியல் நடுவில் கரண்ட் போனது. ஸ்டீம் வால்வு ஸ்பிரிங் வால்வு, தானாக மூடிக்கொண்டது. ஜெனரேட்டர் அன்றைக்கென்று ஸ்டார்ட் ஆகவில்லை. நெல் உள்ளேயே கிடந்தால் கெட்டுவிடுமே என்று ஷிப்டில் இருந்தவர் அடிக்கதவைக் கையால் திறந்து இறக்கத் தொடங்கியிருக்கிறார். பாதி இறங்கும்போது கரண்ட் வந்தது. பி.எல்.சி. கண் விழித்து, தன் மெமரியைப் பார்த்து, 'அவியல், 12ஆம் நிமிடம்' என்று ஸ்டீமைத் திறந்துவிட்டது. திறந்த கதவு வழியாக ஆவி சீறிக்கொண்டு வந்தது. ஒருவர் கணுக்காலில் கொப்புளம் கண்டதோடு போயிற்று. குறை முழுக்க என்னுடையது. ஒப்படைப்பதற்கு முன் இரண்டு நாள் சோதனை ஓட்டம் பார்த்திருந்தேன். பி.எல்.சி. தூங்கும் நேரத்தில் மனிதக் கை ஒன்று நிலையை மாற்றிவைக்கும் என்பது மட்டும் என் சோதனையில் இல்லை.

அந்தக் கொப்புளம் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம். இனி வழிகளைப் பார்க்கலாம்.

நேரே லேடர்

1969இல் வந்த மோடிகான் 084 என்ற ஆதி பி.எல்.சி. காலத்திலிருந்து ஓடிவரும் வழி. ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம் என்பதற்காகவே லேடர் அப்படி வடிவமைக்கப்பட்டது. இன்றைக்கும் அதன் பலம் அதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆலை நின்றால் பேட்டை ஐ.டி.ஐ. முடித்த பையன் லேப்டாப்பைச் சொருகி, எந்த வரியில் பச்சை அணைந்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவான். இதை லேசாக எடைபோடக் கூடாது.

பலவீனம், விதித்தாள் என்ற ஒன்று தனியாக இல்லாமலே போவது. விதி முழுக்க எழுதியவன் தலையில் இருக்கும். ஆறு மாதம் கழித்து அங்கேயும் இருக்காது. ஒரே அவுட்புட்டை இரண்டு இடத்தில் எழுதிவிட்டு, கடைசி வரிதான் ஜெயிக்கும் என்பதை மறந்து மண்டையைப் பிய்த்துக்கொள்ளாத பி.எல்.சி. ஆள் நெல்லைச் சீமையில் கிடையாது. நான்கு தொட்டி, ஒரு பாய்லர் என்றாகும்போது நேரே லேடர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

படி வரைபடம்

1977இல் பிரான்சில் பிறந்தது கிராஃப்செட். ஒரு பெட்டி ஒரு படி; இரண்டு பெட்டிக்கு நடுவில் குறுக்குக் கோடு, அதன் பக்கத்தில் 'என்ன ஆனால் அடுத்த படி' என்ற நிபந்தனை. இன்றைக்கு இது ஐஇசி 60848 என்ற சர்வதேசத் தரம். விவரத்தை எழுதிவைக்கும் மொழி. இதன் தம்பிதான் 1993இல் வந்த ஐஇசி 61131-3 தரத்தில் எஸ்.எஃப்.சி. என்ற பெயரில் இருப்பது. அது பி.எல்.சி.யில் ஓடும் வடிவம். இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல. படத்தில் இருப்பதெல்லாம் உங்கள் பி.எல்.சி.யிலும் இருக்கும் என்று நம்பி இறங்கினால் நடுவழியில் நிற்பீர்கள்.

நாங்கள் வாங்கும் விலையில் வரும் சின்ன பி.எல்.சி.க்களில் எஸ்.எஃப்.சி.யை நம்பி இறங்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே படத்தை வரைந்து, கையால் லேடருக்கு மாற்றுவது. படிக்கு ஒரு மெமரி பிட், கோட்டுக்கு ஒரு வரி. நிபந்தனை நிறைவேறினால் அடுத்த பிட்டை வை, பழைய பிட்டை எடு. அவுட்புட் எல்லாம் கடைசியில், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் படமும் புரோகிராமும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்கும். படத்தில் ஏழாவது பெட்டி எது என்றால் லேடரில் ஏழாவது பிட்.

ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது. பி.எல்.சி. ஒவ்வொரு சுற்றிலும் இன்புட்டை எல்லாம் ஒருதரம் படித்து, புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டி, கடைசியில் அவுட்புட்டை எழுதும். மேல்வரியில் இப்போதுதான் மாறிய பிட்டை அதே சுற்றில் கீழ்வரியும் பார்த்துவிடும். இரண்டு கோட்டுக்கும் ஒரே நிபந்தனை என்றால், படத்தில் ஒரு படி நகர வேண்டியது சரசரவென்று இரண்டு படி சரிந்துவிடும். எல்லாக் கோட்டு நிபந்தனைகளையும் முதலில் கணக்கிட்டுத் தனி பிட்டில் வைத்துக்கொண்டு, பிறகு படிகளை மாற்றினால் தப்பிக்கலாம்.

இந்த வழியின் அழகு, படத்தைச் சார்ட் பேப்பரில் வரைந்து ஆலைத் திண்ணையில் விரித்து, அவியல் மேஸ்திரியிடம் காட்டலாம் என்பது. அவர் கிராஃப்செட் என்ற பேரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் பெட்டியைப் படித்து, "இதுக்குப் பொறவு இது வராதே" என்பார். குறை என்னவென்றால், படம் நடக்கவேண்டியதைச் சொல்லும். நடக்கக் கூடாததைச் சொல்லாது. நான்கு தொட்டிக்கு நான்கு படம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது பாய்லருக்காக எங்கே மோதிக்கொள்ளும் என்பதை எந்தப் படமும் காட்டாது.

எழுதியதைத் தணிக்கை செய்வது

மாடல் செக்கிங் என்ற முறை 1980களின் தொடக்கத்தில் வந்தது. அதைத் தொடங்கிவைத்த கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் பெரிய விருதான டியூரிங் விருது 2007ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. செய்வது இதுதான்: புரோகிராமை ஒரு நிலைப்படமாகக் கொடுக்கிறோம், விதியையும் கொடுக்கிறோம். போய்ச்சேரக்கூடிய எல்லா நிலைகளையும் கருவி தேடிப்பார்த்து, விதி எங்குமே உடையாது என்று சொல்லும். அல்லது உடையும் வழியைப் படிப்படியாக எழுதிக் காட்டும்.

எல்லா நிலையும் என்றால் எத்தனை? தொட்டிக்கு ஏழு நிலை, நான்கு தொட்டிக்கு 7 × 7 × 7 × 7 = 2,401. அதோடு வால்வும் கதவுமாக 16 உருப்படி, ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்றால் 65,536 விதம். பெருக்கினால் 15 கோடியே 73 லட்சம் சொச்சம். நான் இரண்டு நாள் பட்டனை அழுத்திச் சோதித்ததெல்லாம் தாமிரபரணியில் ஒரு செம்பு மொண்டது போலத்தான். கருவிக்கோ இது சின்னக் கணக்கு. ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக எண்ணாமல், கூட்டம் கூட்டமாகச் சுருக்கிவைத்துத் தேடும் வித்தை அதற்குத் தெரியும்.

பி.எல்.சி.க்கென்றே ஒரு கருவியைச் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள், பெயர் பிஎல்சிவெரிஃப். சீமென்ஸ் பி.எல்.சி.க்கு எழுதும் உரை வடிவப் புரோகிராமை அப்படியே எடுத்துக்கொள்ளும். விதியை லாஜிக் குறியீட்டில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பும் வாக்கியங்கள் வைத்திருக்கிறார்கள். 'சுற்று முடியும்போது இது இருந்தால் அது இருக்கக் கூடாது' என்கிற மாதிரி. நல்ல யோசனை. ஆனால் இந்த ஆலைக்கு நான் போடப்போவது டெல்டா கம்பெனி பி.எல்.சி. ஆகவே நியூஎஸ்எம்வி என்ற பொதுவான கருவியை எடுத்து, படி வரைபடத்தை அதன் மொழியில் நானே எழுதினேன். முதல் இரண்டு ராத்திரி எழுத்துப் பிழை திருத்துவதிலேயே போனது.

மூன்றாம் ராத்திரி, பழைய ஆலையின் தப்பை வேண்டுமென்றே மாடலில் வைத்தேன். முதலில் 'எல்லாம் சரி' என்று வந்தது. தூக்கிவாரிப்போட்டது. பிறகு பார்த்தால் கரண்ட் போவதும் வருவதும் மாடலிலேயே இல்லை! அதைச் சேர்த்தேன். அப்போதும் சரி என்றது. கரண்ட் இல்லாத நேரத்தில் அடிக்கதவை யாரும் தொடலாம் என்பதையும் சேர்த்தேன். இப்போது ஒரு நொடிக்குள் வந்து விழுந்தது: தொட்டி 2 அவியலில். கரண்ட் போகிறது. ஸ்டீம் மூடுகிறது. அடிக்கதவு திறக்கிறது. கரண்ட் வருகிறது. படி இன்னும் அவியல். ஸ்டீம் திறக்கிறது. 'அடிக்கதவு திறந்திருந்தால் ஸ்டீம் திறக்கக் கூடாது' என்ற விதி 1 உடைந்தது. ஏழே வரி. அந்த ஏழு வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். டைமரை மாடலில் வைக்கும்போது 'தொடங்கிய பிறகு எப்போது வேண்டுமானாலும் முடியலாம்' என்று வைத்தேன். நிமிடம் நிமிடமாக எண்ணவைத்தால் நிலைகள் பெருகிக்கொண்டே போகும். இப்படி வைத்தால் 'கூடாது' விதிகளுக்குக் கிடைக்கும் பதில் இன்னும் உறுதியானது. ஆனால் 'இத்தனை நிமிடத்துக்குள்' என்ற விதிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மேஸ்திரி அடித்த கோடு

என் விதித்தாளில் மூன்றாவது விதி இது: 'ஒரே தொட்டியில் ஸ்டீம் வால்வும் வடிப்பு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கக் கூடாது.' ஸ்டீம் வீணாகக் கூடாது அல்லவா? படமும் அதற்கு ஒத்திருந்தது, கருவியும் 'சரி' என்று முத்திரை குத்திவிட்டது. மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டினேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஏ தம்பி, ஆவி குளுந்தா தண்ணியால்லா ஆவும்? அந்தத் தண்ணி எங்க போவும்? அடி நெல்லு களியாப் போயிரும்லா."

அவர் சொன்னதுதான் சரி. அவியலின்போது ஆவி நெல்லில் பட்டுக் குளிர்ந்து நீராகும். அது போக வடிகுழாய் திறந்திருக்க வேண்டும். என் விதி தப்பு. அதை நிறைவேற்றும் புரோகிராம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு கச்சிதமாக நெல்லைக் களியாக்கும். எந்த வழியை எடுத்தாலும் கருவி விதிக்கும் புரோகிராமுக்கும் உள்ள உறவைத்தான் பார்க்கும். விதிக்கும் நெல்லுக்கும் உள்ள உறவைப் பார்க்க மேஸ்திரிதான் வேண்டும். ஆகவே மேஸ்திரியால் படிக்க முடியாத வடிவத்தில் விதித்தாள் இருந்தால் அந்த வழிக்கு நான் பெரிய மதிப்பெண் குறைப்பேன்.

விதியிலிருந்தே புரோகிராம்

இனி வருவதுதான் எல்லோரும் ஆசைப்படுவது. விதியை மட்டும் எழுது, புரோகிராமைக் கருவியே செய்துகொள்ளட்டும். 1957இல் அலன்சோ சர்ச் கேட்ட கேள்வி இது. பொதுவான பதில் பயமுறுத்தும்: 1989இல் புனுவேலியும் ராஸ்னரும் காட்டியபடி, கால வரிசையைச் சொல்லும் லாஜிக்கில் எழுதிய விதியிலிருந்து புரோகிராம் பிறப்பிக்கும் வேலை, விதி நீள நீள இரட்டை அடுக்காக, அடுக்குக்கு மேல் அடுக்காகப் பெருகும். விதியின் வடிவத்தைக் கட்டுப்படுத்தினால் வேலை கட்டுக்குள் வரும் என்பது 2006இல் வந்தது.

ஆலைக்காரர்களுக்கு நெருக்கமானது இதன் இன்னொரு கிளை. 1980களில் ரமாஜும் வோன்ஹமும் தொடங்கிய மேற்பார்வைக் கட்டுப்பாடு. நெல்லையப்பர் ஆனித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தேரை இழுப்பது ஊர். முட்டுக்கட்டை போடுகிறவர் இழுப்பதில்லை. போகக் கூடாத பக்கம் சக்கரம் திரும்பும்போது மட்டும் கட்டையைச் சொருகுகிறார். எதைத் தடுக்கவேண்டுமோ அதை மட்டும் தடுக்க வேண்டும், தேர் நிலைக்கு வந்துசேரவும் வேண்டும். அப்படி ஒரு முட்டுக்கட்டைக்காரரைக் கணக்குப்போட்டு எடுத்துத்தருவதுதான் இந்த முறை. 'வந்துசேரவும் வேண்டும்' என்பது முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரு வால்வையும் திறக்காமல் சும்மா இருப்பதே எல்லா விதியையும் காப்பாற்றும் வழியாகிவிடும்.

இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம், எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் முதலிலேயே எழுதச் சொல்வது. வால்வைத் திறப்பது பி.எல்.சி. கையில். லிமிட் ஸ்விட்ச் (கதவு, வால்வு எந்த நிலையில் என்று சொல்லும் ஸ்விட்ச்) விழுவதும் கரண்ட் போவதும் யார் கையிலும் இல்லை. இடையில் ஒன்று மாட்டிக்கொண்டது. அண்ணாச்சியின் விதி: ஊறல் முடிந்த தொட்டிக்கு 15 நிமிடத்துக்குள் ஸ்டீம் கிடைக்க வேண்டும், ரொம்ப ஊறினால் வாடை வந்துவிடும். பாய்லரின் விதி: ஒரே நேரத்தில் இரண்டு தொட்டிக்கு மேல் தாங்காது. அவியல் 20 நிமிடம். நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாகக் கட்டி மாடலில் வைத்துக் கொடுத்தேன். வெந்நீர் பட்டன் மேஸ்திரி கையில் என்று எழுதினால், 'இப்படி ஒரு புரோகிராம் எழுதவே முடியாது' என்றது கருவி. யோசித்தால் விரல்விட்டு எண்ணும் கணக்குதான்: மூன்று தொட்டி ஒன்றாக ஊறி முடிந்தால் மூன்றாவது தொட்டி 20 நிமிடம் காத்திருந்தே ஆக வேண்டும். பதினைந்துக்குள் எப்படி? வெந்நீர் பி.எல்.சி. கையில் என்று மாற்றி எழுதினால் 'முடியும்' என்றது. எப்படி முடியும் என்று பார்த்தால், மூன்றாவது தொட்டி நெல்லோடு தயாராக நின்றாலும் வெந்நீரைப் பிடித்து நிறுத்திவைக்கிறது.

அண்ணாச்சி சொன்ன 15ஐயும் பாய்லரின் இரண்டையும் தனித்தனியாக எழுதியபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு வரி புரோகிராம்கூட எழுதுவதற்கு முன் இந்தச் சிக்கலை வெளியே எடுத்துப் போட்டது இந்த ஒரு வழிதான்.

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? பெரிய இடங்களில் எடுக்கிறார்கள். நெதர்லாந்தில் நீர்வழியையும் சாலையையும் பார்க்கும் அரசுத் துறை, ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கப்பல் ஏற்றி இறக்கும் மதகுகளுக்கும் திறக்கும் பாலங்களுக்கும் இந்த வழியில் வேலை செய்திருக்கிறது. அங்கே வளர்ந்த சிஐஎஃப் என்ற கருவி எக்லிப்ஸ் அமைப்பின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. விதியிலிருந்து மேற்பார்வையாளரைப் பிறப்பித்து, ஐஇசி 61131-3 வடிவத்தில் பி.எல்.சி. புரோகிராமாகவும் தரும். ஒரேமாதிரி மதகு, ஒரேமாதிரி பாலம் என்று நிறைய வைத்திருப்பவர்களுக்கு ஒருதரம் பட்ட பாடு பலதரம் பலன் தரும்.

எனக்கு இருப்பது ஒரு ஆலை. பிறந்துவரும் புரோகிராமைப் படித்தால் நிலை எண்களும் நிபந்தனைகளுமாக நீண்டுகொண்டே போகும். ராத்திரி இரண்டு மணிக்கு அதில் விரல் வைக்க அந்தப் பையனால் ஆகாது, என்னாலும் ஆகாது. பிறகு நடப்பது தெரிந்ததுதான்: ஒரு லிமிட் ஸ்விட்ச் கெட்டிருக்கும், ஆலை ஓட வேண்டும், யாரோ பிறந்த புரோகிராமுக்குள்ளேயே ஒரு பிட்டைத் தட்டிவிடுவார்கள். அந்த நிமிடத்தோடு விதித்தாளுக்கும் ஆலைக்கும் உறவு முறிந்தது. இன்னொன்று, இந்தக் கணிதம் நிகழ்வுகள் ஒவ்வொன்றாக வரும் என்று எண்ணுகிறது, பி.எல்.சி.யின் ஒரு சுற்றுக்குள் இரண்டு சென்சார் விழுந்தால் எது முதலில் என்று அதற்குத் தெரியாது. ஸ்வீடனின் ஃபேபியனும் ஹெல்கிரனும் 1998லேயே இதையும், நான் மேலே சொன்ன படி சரிவதையும் எழுதிவைத்துவிட்டார்கள். சமாளிக்கலாம்தான். ஆனால் அதைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் பட்டறையில் இருக்க வேண்டும்.

இதற்கு அப்பாலும் ஒரு வழி உண்டு: விதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிரூபித்துக்கொண்டே புரோகிராம் வரை இறங்குவது. 1998இல் ஓடத் தொடங்கிய, ஓட்டுநர் இல்லாத பாரிஸ் மெட்ரோ 14ஆம் தடத்தின் பாதுகாப்புப் பகுதியை பி-முறை என்ற இந்த வழியில்தான் செய்தார்கள். அது பெரிய வீட்டுக் கல்யாணம். மொய் வைக்கக்கூட நமக்கு வசதி போதாது.

அப்புறம் ஏ.ஐ. பட்டறைப் பையன் நான்கு தொட்டிக் கதையைத் தட்டிக் கேட்டு, அரை நிமிடத்தில் ஒரு புரோகிராமைக் கொண்டுவந்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. அவியல், ஊறல் பெயர்களெல்லாம் சரி. கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடரும் வகையில் அதுவும் எழுதியிருந்தது! என் பழைய தப்பைத் தானாகவே கண்டுபிடித்துச் செய்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். முதல் நகல் எழுத வைத்துக்கொள்ளலாம், பின்னால் தணிக்கைக் கருவி நிற்கும்வரை.

நான் எடுத்தது

படி வரைபடம்தான் அடிப்படை. அதைக் கையால் லேடருக்கு மாற்றினேன், படிக்கு ஒரு பிட் ஒழுங்கில். அதே படத்தை நியூஎஸ்எம்வியில் வைத்து, ஏழு 'கூடாது' விதிகளை மட்டும் தணிக்கை செய்தேன். கரண்ட், மனிதக் கை, கெட்டுப்போன லிமிட் ஸ்விட்ச் மூன்றும் மாடலில் உண்டு. விதியிலிருந்து புரோகிராம் பிறப்பிக்கும் கருவியை ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டேன்: விதிகள் தமக்குள் முட்டிக்கொள்கின்றனவா என்று கேட்க. அது தந்த புரோகிராமை எடுக்கவில்லை.

நாள் கணக்கில் சொன்னால், நேரே லேடர் எனக்கு மூன்று நாள் வேலை. படம் வரைந்து மாற்றுவது அதோடு இரண்டு நாள் கூட. தணிக்கை, முதல்முறை என்பதால் ஆறு ராத்திரி தின்றது. அடுத்த ஆலைக்கு இரண்டில் முடியும். புரோகிராம் பிறப்பிப்பதை ஒழுங்காகப் பழகிக் கையாள ஒரு மாதமாவது உட்கார வேண்டும். பிசானம் காத்திருக்காது.

இதே தொட்டி அமைப்பு பத்து ஆலைக்கு வரும் என்று தெரிந்தால் என் கணக்கு மாறும். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப்போல ஒரே அச்சில் வார்த்த பம்ப் நிலையங்கள் வரிசையாக இருக்கும் இடத்தில், தலைமை இடத்தில் இரண்டு பேர் விதித்தாளை மட்டும் பார்த்துக்கொள்ள, புரோகிராம் பிறந்து வருவதுதான் புத்திசாலித்தனம். அங்கே யாரும் நிலையத்தில் நின்று பிட்டைத் தட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் நடத்திக்காட்ட முடியும்.

எந்த வழியானாலும் விதி 1ஐ நான் புரோகிராமை நம்பி விடவில்லை. அடிக்கதவு மூடியிருந்தால் மட்டும் சேரும் லிமிட் ஸ்விட்ச்சை ஸ்டீம் வால்வைத் திறக்கும் மின்காந்தக் காயிலோடு வரிசையாகக் கம்பியிலேயே கோத்துவிட்டேன். பி.எல்.சி. என்ன நினைத்தாலும் கதவு திறந்திருந்தால் காயிலுக்குக் கரண்ட் போகாது. கரண்ட் வந்ததும் தொட்டிகள் எதுவும் தானாகத் தொடராது. 'பார்த்துச் சொல்' என்ற எட்டாவது படியில் மஞ்சள் விளக்கோடு நிற்கும். ஆள் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்த வேண்டும். இதற்கு அண்ணாச்சி முதலில் முகம் சுளித்தார். "அப்பம் ராத்திரிக்கு ஆள் போடத்தான செய்யணும்?" என்றார். போடத்தான் வேண்டும், நாலு பேருக்குப் பதில் ஒருவர் என்றேன்.

விதித்தாளை லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். ஒட்டுவதற்கு முந்தின நாள் அண்ணாச்சியும் மேஸ்திரியும் பாய்லர் பக்கம் நின்று ஒருதரம் படித்தார்கள். வடிகுழாய் விதியில் மேஸ்திரி அடித்த கோடு அப்படியே இருக்கிறது. 15 நிமிடத்தை அடித்து 30 என்று எழுதியது அண்ணாச்சியின் கை. வெந்நீர் பட்டன் யார் கையில் என்ற வரிக்கு நேராக, 'மேஸ்திரி' என்று பச்சை மையில் இருக்கிறது.